தோட்டப்புற ஊரில் சொந்தத் தரவுக் கட்டமைப்பு: மின்னல், பெயர்கள், காப்புநகல்

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில், ஊர்மக்களின் வாழ்வைப் பதிந்த தாள்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. செம்பனைச் சிறுதோட்டக்காரர்களின் எடைச்சீட்டுகள் பிஸ்கட் டின்களில் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிய காலத்தில் குப்பைக்குப் போகாமல் தப்பிய செக்ரோல் புத்தகங்கள், அதாவது தொழிலாளரின் வருகையையும் கூலியையும் பதிந்த ஏடுகள், ஓய்வுபெற்ற கிராணிமாரின் (தோட்ட எழுத்தர்களின்) அலமாரிகளில் இருக்கின்றன. கோயில் நன்கொடைக் கணக்கும் பள்ளி முன்னாள் மாணவர் பட்டியலும் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் இருக்கின்றன. இவற்றை ஒன்றுசேர்த்து, ஊரிலேயே ஓர் இயந்திரத்தில் வைத்துத் தாமே நடத்த வேண்டும் என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் முடிவெடுத்தால், அந்தக் கட்டமைப்பின் உள்ளமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இத்தகைய ஊரில் கட்டமைப்பைத் தீர்மானிக்க வேண்டியவை மின்சாரம், இணைப்பு, பராமரிக்கும் ஆள் ஆகிய மூன்றுமே. தரவின் அளவு அந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது.

இந்தத் தேவை பழம்பெருமையைப் பாதுகாக்கும் ஆர்வத்தால் மட்டும் எழுந்ததன்று. மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரி முதல் நாட்டில் கட்டாயமாகிவிட்டதால், சில ஏக்கர் வைத்திருப்பவரும் உரம், அறுவடை, விற்பனை ஆகியவற்றுக்குப் பதிவு வைத்திருக்க வேண்டியவராகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய காடழிப்புத் தடுப்பு விதி செம்பனை, ரப்பர் இரண்டையும் உள்ளடக்குகிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்ததன்று என்பதைக் காட்ட, விளைநிலத்தின் புவியிருப்பிடத்தை அது கேட்கிறது; நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லைக்கோடு முழுவதையும் கேட்கிறது. அவ்விதி நடைமுறைக்கு வரும் நாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போடப்பட்டிருந்தாலும், குலைகளை வாங்கும் ஆலையும் இடைத்தரகரும் அந்த விவரத்தைக் கேட்கும் நாளில் அதை யார் கையில் வைத்திருக்கிறார் என்பது பேரம் பேசும் வலிமையைத் தொடும் கேள்வி.

அப்படியானால் வாடகை மேகச் சேவையிலேயே வைத்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மேகச் சேவை மண்டலத்தைத் திறந்துவிட்டது. தரவு நாட்டைவிட்டு வெளியே போகிறது என்ற பழைய மறுப்பு இனி அவ்வளவாக நிற்காது. ஜொகூரில் கூலாய், செடனாக் பக்கம் செம்பனை நின்ற நிலங்களிலேயே தரவு மையங்கள் எழுகின்றன என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் சற்று வேடிக்கையாகத்தான் பார்க்க முடியும். ஆயினும் மாத வாடகையை யாராவது கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிர்வாகக் குழு மாறி, கடன் அட்டை காலாவதியானால் கணக்கு முடங்கும். அறுபது ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டிய செக்ரோல் படங்களுக்கு அது பொருத்தமான ஏற்பாடன்று. அதே வேளையில், சொந்த இயந்திரத்தில் வைப்பதால் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. வணிக நடவடிக்கை தொடர்பான தனிநபர் விவரங்களைக் கையாளுவோருக்குப் பொருந்தும் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. அதன்படி 2025 ஜூன் முதல் தரவுக் கசிவு ஏற்பட்டால் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமையும் வந்துவிட்டது. உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்ணை வைத்திருக்கும் சங்கம் இதைப் பெரிய நிறுவனங்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது.

இனி அளவைப் பார்க்கலாம். முந்நூறு உறுப்பினர்கள், ஆளுக்கு மாதம் மூன்று அறுவடை, ஒவ்வோர் அறுவடைக்கும் ஓர் எடைச்சீட்டு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 10,800 பதிவுகள், பத்தாண்டுகளில் 108,000. ஒரு பதிவுக்கு 300 பைட் என்றாலும் மொத்தம் சுமார் 32 மெகாபைட்தான்; கைப்பேசியில் எடுத்த ஒரு சிறிய காணொளியின் அளவு. இடத்தைப் பிடிப்பவை பழைய பதிவேடுகளின் படங்களே. ஏ4 அளவுத் தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்கப்படாத நிலையில் ஒரு பக்கம் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகிறது. செக்ரோல் தாள் அதைவிட அகலமானது. இருபதாயிரம் பக்கங்கள் என்றால் அரை டெராபைட்டைத் தாண்டும். இதையும் இன்று கடையில் கிடைக்கும் ஒரே வட்டில் அடக்கிவிடலாம்.

இந்தக் கணக்கைச் செய்யாமல் தொடங்குவோர்தான் பெருநிறுவனக் கருவிகளை வரிசையாக நிறுவத் தொடங்குகிறார்கள். காஃப்கா லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஓயாது பாயும் நிகழ்வுகளைக் கையாளப் பிறந்தது. ஏர்ஃப்ளோ ஏர்பிஎன்பியில் நூற்றுக்கணக்கான பணிகளை ஒழுங்குபடுத்த எழுதப்பட்டது. குபர்நெட்டீஸ் பல இயந்திரங்களில் பரவிய சேவைகளை நிர்வகிக்கக் கூகுளிலிருந்து வந்தது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் சிறந்த கருவி. ஆனால் நிறுவிய ஒவ்வொரு மென்பொருளும் ஆண்டுக்குச் சில முறை புதுப்பிக்கப்பட வேண்டும், உடைந்தால் ஏன் உடைந்தது என்று தெரிந்த ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். கணினி படித்த பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விடும் ஊரில் மிக அரிதான வளம் அந்த ஒருவரே. ஆகவே, எத்தனை கருவிகள் இல்லாமல் வேலை நடக்கும் என்பதிலிருந்து தொடங்குவதே சரியான வழி என்பது என் கருத்து.

வேலை நடக்கத் தேவையானவை குறைவு. டெபியன் இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நிலப்படங்களுக்காக அதனுடன் சேரும் போஸ்ட்ஜிஐஎஸ், படக்கோப்புகளுக்குச் சாதாரணக் கோப்புறைகள், இரவில் ஓடும் சில நிரல்கள், களத்தில் கைப்பேசி வழியே விவரம் சேகரிக்க ஓடிகே போன்ற ஒரு படிவக் கருவி. போஸ்ட்கிரெஸ் 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. தனியொரு நிறுவனத்துக்குச் சொந்தமாகாமல் பல கைகளால் பராமரிக்கப்படுவதால், உரிமம் திடீரென மாறும் அச்சம் அதில் குறைவு. இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. சொந்த இயந்திரங்களில் கோப்புச் சேமிப்புக்காகப் பலர் நம்பியிருந்த மின்ஐஓ, 2021இல் உரிமத்தை மாற்றியது. 2025இல் இலவசப் பதிப்பின் நிர்வாகத் திரையிலிருந்து பெரும்பகுதி வசதிகளை நீக்கியது. அரை டெராபைட் படங்களுக்கு அப்படியொரு மென்பொருளே வேண்டியதில்லை. தோட்டம், ஆண்டு, புத்தகம் என்று பெயரிட்ட கோப்புறைகள் போதும்.

தரவு உள்ளே வந்த பின் அதை இரண்டு அடுக்காக வைக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் மையமான விதி. முதல் அடுக்கில் தாளில் எழுதியிருந்தது எழுதியபடியே இருக்கும். அதை யாரும் திருத்தக் கூடாது, நீக்கக் கூடாது. இரண்டாம் அடுக்கில் அதன் விளக்கம் இருக்கும்: அலகு மாற்றப்பட்ட எடை, ஒரே ஆள் என்று முடிவு செய்யப்பட்ட பெயர்கள், கணக்கிடப்பட்ட கூலி. இரண்டாம் அடுக்கு முழுவதையும் அழித்துவிட்டு முதல் அடுக்கிலிருந்து ஒரே இரவில் மீண்டும் உருவாக்க முடியும்படி நிரல்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த முடிவை யார், எப்போது, எந்தச் சான்றின் பேரில் எடுத்தார் என்பதும் ஒரு அட்டவணையில் பதிவாக வேண்டும்.

தோட்டப் பதிவேடுகளில் இது ஏன் உயிர்நாடி ஆகிறது என்பதை அலகுகளிலேயே காணலாம். பழைய கணக்குகளில் ரப்பர் பால் எடை ராத்தலில் இருக்கும், சில இடங்களில் கட்டி, பிக்குல் என்ற மலாய் எடை அலகுகளும் வரும், நிலம் ஏக்கரில் இருக்கும். ஒரு பிக்குல் 60.48 கிலோகிராம். எண்ணை மட்டும் உள்ளிட்டு அலகை விட்டுவிட்டால், பின்னால் வரும் ஆய்வாளருக்கு அந்த எண்ணால் பயனில்லை. மாற்றிய எண்ணை மட்டும் வைத்தால், மாற்றியவர் ராத்தலைக் கட்டி என்று எண்ணிவிட்டாரா என்று சரிபார்க்க வழியில்லை. ஆகையால் எழுதிய எண், எழுதிய அலகு, மாற்றிய எண் ஆகிய மூன்றும் தனித்தனிப் பத்திகளாக இருக்க வேண்டும்.

பெயர்கள் இதைவிடக் கடினமானவை. காலைப் பெயரழைப்பான பெரட்டில் நின்றவர் தம் பெயரை முனியாண்டி என்று சொல்லியிருப்பார். கிராணி அதை ரூமி எனப்படும் ரோமன் எழுத்தில் தம் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பார். தோட்டத்தின் அடுத்த பிரிவான டிவிஷனின் கிராணி வேறு விதமாக எழுதியிருப்பார். அடையாள அட்டையில் மூன்றாவது வடிவம் ஏறியிருக்கும். தகப்பன் பெயர் மலாயில் மகன், மகள் என்று பொருள்படும் 'ஆனாக் லெலாக்கி', 'ஆனாக் பெரெம்புவான்' என்ற சொற்களின் சுருக்கத்துக்குப் பின் வருவதால், குடும்பப் பெயரை வைத்துத் தொகுக்கும் மேல்நாட்டு நிரல்கள் இங்கே தடுமாறும். ஒலி ஒத்த பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறை 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது; ஆங்கில உச்சரிப்பை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்ப் பெயர்களின் குறில் நெடிலுக்கும் இரட்டித்த மெய்க்கும் அது உதவாது. போஸ்ட்கிரெஸில் உள்ள மூன்றெழுத்து ஒப்பீட்டு வசதி ஓரளவு கைகொடுக்கும். அதற்கு முன், எச் எழுத்தை நீக்குவது, இரட்டை உயிரை ஒற்றையாக்குவது, இறுதி ஒய்யையும் ஐயையும் ஒன்றாகக் கொள்வது போன்ற சில விதிகளைச் சங்கமே எழுதிக்கொள்ளலாம். எனினும் இயந்திரம் முன்மொழியலாமே ஒழிய முடிவு செய்யக் கூடாது. ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இரண்டு முனியாண்டிகள் இருந்தார்களா, ஒருவரே இரண்டு முறை எழுதப்பட்டாரா என்பது அந்த லயத்தில் வாழ்ந்த ஒருவருக்கே தெரியும். செக்ரோல் எண்ணையும் அடையாளமாகக் கொள்ள முடியாது. ஒருவர் விலகிய பின் அதே எண் இன்னொருவருக்குப் போகும். அடையாள அட்டை எண்ணையும் முதன்மைத் திறவாக, அதாவது எல்லா அட்டவணைகளிலும் ஆளைக் குறிக்கும் எண்ணாக, வைக்கக் கூடாது. 12 இலக்க எண்ணுக்கு முற்பட்டவர்களுக்கு அது இல்லை என்பது ஒரு காரணம். அந்த எண் எல்லா அட்டவணைகளிலும் பரவினால் கசிவின் பாதிப்பும் பரவும் என்பது மற்றொன்று. தரவுத்தளம் தானே வழங்கும், வெளியே பொருளற்ற ஓர் எண்ணே ஆளுக்குரிய அடையாளமாக இருக்கட்டும். அட்டை எண் தனி அட்டவணையில், சிலருக்கு மட்டும் திறக்கும்படி இருக்கட்டும்.

தமிழில் உள்ளிடும்போது வேறொரு பொறி காத்திருக்கிறது. 'பொன்னுசாமி' என்பதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே; தேடலில் இரண்டும் வெவ்வேறு. உள்ளே வரும் எழுத்தை எல்லாம் என்எஃப்சி எனும் சீர்வடிவத்துக்கு மாற்றிய பிறகே இரண்டாம் அடுக்கில் சேர்க்க வேண்டும். அகரவரிசையும் அப்படியே: யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்து வந்துவிடுகிறது, ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் நுழைகிறது. போஸ்ட்கிரெஸ் 2017இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு முதல் ஐசியு எனும் பன்மொழி வரிசை முறையை ஏற்பதாலும், 2022இல் வெளிவந்த பதினைந்தாம் பதிப்பு முதல் அதைத் தரவுத்தளம் முழுவதற்கும் வைக்க முடிவதாலும், தமிழ் வரிசையைத் தரவுத்தளம் உருவாக்கும்போதே தேர்ந்துகொள்வது நல்லது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான கோயில் மலர்க் கோப்புகள் பல கணினிகளில் இன்னும் உள்ளன. அவற்றை மாற்றிய பின்னும் மூலக் கோப்பை முதல் அடுக்கில் வைத்திருக்க வேண்டும்.

நிலப்படத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கைப்பேசி காட்டும் ஆயத்தொலைவும் பழைய நில அளவைப் படத்தின் ஆயத்தொலைவும் வெவ்வேறு அடிப்படையில் அமைந்தவை. கெர்த்தாவ் எனும் பழைய மலாயா நில அளவை அடிப்படையில் வரையப்பட்ட படத்தை மாற்றாமல் மேலே வைத்தால் நிலம் நூறு மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். ஒரு ஹெக்டேர் சதுர நிலத்தின் பக்கமே நூறு மீட்டர்தான் என்பதால், பக்கத்துக்காரர் நிலம் உறுப்பினர் பெயரில் பதிவாகிவிடும். ஐரோப்பிய விதி ஆறு தசம இலக்கம் கேட்கிறது, அது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நுட்பம். செம்பனை ஓலைகளுக்கு அடியில் நிற்கும் கைப்பேசி பல மீட்டர் தவறும். எனவே புள்ளியுடன் கருவி சொல்லும் துல்லிய அளவையும் சேர்த்தே பதிய வேண்டும்.

இயந்திரம் இருக்கும் அறைக்கு வருவோம். உலகில் மின்னல் மிகுதியாக விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கிந்தா பள்ளத்தாக்கின் மாலை இடியைப் பற்றி இவ்வூராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்னலால் இயந்திரம் எரிவதைவிட அடிக்கடி நடப்பது வேறு: இடி விழுந்ததும் மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி விழுந்துவிடும், வெள்ளிக்கிழமை மாலை விழுந்தால் திங்கள் காலை யாராவது தூக்கிவிடும் வரை அலுவலகம் இருட்டில் கிடக்கும். யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும். அதன் உண்மையான பயன் அந்த இருபது நிமிடத்துக்குள் இயந்திரத்தை ஒழுங்காக நிறுத்துவதுதான். யூபிஎஸ்சை இயந்திரத்துடன் இணைத்து, மின்கலம் குறைந்ததும் தானே அணையவும், மின்சாரம் வந்ததும் தானே எழவும் அமைத்துவிட வேண்டும். ஈய அமில மின்கலம் 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே மூடிய அறையில் வைத்துவிட்டு ஐந்தாண்டு எதிர்பார்க்கலாகாது.

திடீரென அணைந்தாலும் போஸ்ட்கிரெஸ் மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் பதிவுக் கோப்பை வைத்து மீண்டெழும். ஆனால் அந்த உறுதி, எழுதிவிட்டேன் என்று வட்டு சொல்வது உண்மையாக இருந்தால்தான் செல்லும். மின்தடைப் பாதுகாப்பு உள்ள எஸ்எஸ்டி வாங்கும் கூடுதல் பணம் வீணன்று. ஒளியிழைக் கம்பி மின்னலைக் கடத்தாது. பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி கடத்தும். ஒளியிழை வந்த பின்னும் துண்டிக்கப்படாமல் சுவரில் தொங்கும் செப்புக் கம்பியைக் கழற்றிவிடுவதும், எர்த் எனப்படும் நில இணைப்பைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் அளந்துகொள்வதும் விலையுயர்ந்த கருவிகளைவிடப் பயனுள்ளவை. பழைய சர்வர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர் கவனிக்க வேண்டியது மின்கட்டணம்: 20 வாட் இழுக்கும் சிறு கணினி ஆண்டுக்குச் சுமார் 175 யூனிட், 180 வாட் இழுக்கும் சர்வர் சுமார் 1,580 யூனிட். வெப்பம் கூடினால் பல்லியும் எறும்பும் குளிர்ந்த இரவில் அங்கேயே குடியேறும். மின்வழங்கிப் பெட்டியின் துளைகளில் நுண்ணிய வலை ஒட்டுவதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் பராமரிப்பு அட்டவணையில் இடம்பெறட்டும்.

இணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு இணையச் சேவையில் இயந்திரத்தின் இணைய முகவரி மாறிக்கொண்டே இருக்கும். பொதுமக்கள் எவருக்கும் இந்த இயந்திரத்தை நேரடியாகத் திறந்துவிட வேண்டிய அவசியமும் இல்லை. 2020 முதல் லினக்ஸ் உட்கருவிலேயே இடம்பெற்ற வயர்கார்டு எனும் பாதுகாக்கப்பட்ட தனிப்பாதை வழியே அனுமதி பெற்ற சில கருவிகள் மட்டும் உள்ளே வரலாம். களப் படிவங்கள் அலைவரிசை இல்லாத பள்ளங்களிலும் நிரப்பப்பட்டுக் கைப்பேசியிலேயே தங்கி, அலுவலகம் திரும்பியதும் ஏறினால் போதும்.

காப்புநகலில் பெருநிறுவனங்களும் தப்பியதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான இயந்திரத்தில் தரவுக் கோப்புறையை நீக்கினார்; ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் எதுவும் சரிவர வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரப் பழைய படியால் அவர்கள் மீண்டார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் தரவு மையம் எரிந்தபோது, காப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தார்கள். சங்கத்துக்கான ஏற்பாடு இவற்றிலிருந்தே வர வேண்டும்: ஒரு நகல் அதே அறையில் வேறு வட்டில்; ஒரு நகல் வாரம் ஒருமுறை இணைத்துவிட்டுக் கழற்றப்பட்டு ஊரின் மறுமுனையில் ஓர் உறுப்பினர் வீட்டில்; கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டெழுத்தாக்கிய ஒரு நகல் வேறு மாநிலத்திலோ வாடகைச் சேமிப்பிலோ. கழற்றி வைத்த வட்டைப் பிணைப்பணம் கேட்கும் தீநிரல் தொட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய மடிக்கணினியில் அந்த நகலிலிருந்து முழு அமைப்பையும் எழுப்பி, குறிப்பிட்ட உறுப்பினர் ஒருவரின் கடந்த ஆண்டு மொத்த எடையைத் தாளுடன் ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாத காப்பைக் காப்பென்று கணக்கில் சேர்க்கக் கூடாது. கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் தலைவரிடமும் பொருளாளரிடமும் இருக்க வேண்டும். குழு மாறும் ஆண்டுக்கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு அதுவும் கைமாற வேண்டும்.

நடத்தும் குறிப்பேடு தமிழில், அச்சிட்ட தாளில் இருப்பது நல்லது. இயந்திரம் அணைந்திருக்கும்போதுதான் அது தேவைப்படும். அதை எழுதியவர் அல்லாத இன்னொருவர் அந்தத் தாளை மட்டும் வைத்து மீட்புச் சோதனையை நடத்த வேண்டும். டெபியனின் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டும், போஸ்ட்கிரெஸின் ஒரு பெரும்பதிப்புக்கு ஐந்து ஆண்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பதால், பெரிய மேம்படுத்தலை நான்காண்டுக்கு ஒருமுறை என்று முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்து, அப்போது ஊருக்கு வரக்கூடிய பிள்ளைகளின் தீபாவளி விடுமுறையோடு பொருத்திக்கொள்ளலாம்.

பக்கத்து ஊர்களின் சங்கங்களும் சேர்ந்து, பதிவுகள் பத்து மடங்கானாலும் இந்த அமைப்பு தாங்கும். தாங்காமல் போகும் முதல் இடம், கூலி கணக்கிடும் நாளில் ஒரு மணி நேரம் கூட இயந்திரம் நிற்கக் கூடாது என்ற நிலை வரும்போது தான். அன்று வாங்க வேண்டியது அதே வகையான இரண்டாவது சிறு கணினி ஒன்று. அதை வேறொரு சங்கத்தின் அலுவலகத்தில், வேறொரு மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்பில் வைத்து, போஸ்ட்கிரெஸின் மாற்றங்கள் தொடர்ந்து அங்கே போய்ச் சேரும்படி அமைத்துவிட்டால், அடுத்த கட்டக் கருவிகளைப் பற்றிய பேச்சைச் சில ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கலாம்.